முதலில் பட்டியல், பிறகு பரிசு: படப் போட்டி நடத்தவிருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விக்கிப்பீடியாக்கள் பயன்படுத்தும் கட்டற்ற படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்துக்காக அடுத்த ஒளிப்படப் போட்டியைத் திட்டமிட்டுக்கொண்டிருக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். போட்டி நடக்கிற மாதத்தில் உங்களைச் சுற்றிப் பலர் இருப்பார்கள். அந்த மாதம் முடிந்த பிறகு வருகிற ஆட்களில் நான் ஒருவன். பகுப்பே (எந்த வகை என்ற குறிப்பே) இல்லாமல் கிடக்கும் படங்களுக்குப் பகுப்பு இடுவது, "பழைய கட்டடம்" என்று மட்டும் விவரம் எழுதப்பட்ட படத்தில் இருப்பது எந்தக் கட்டடம் என்று தேடுவது, பதிப்புரிமைச் சிக்கல் உள்ளவற்றை, நீக்கலாமா என்று பயனர்கள் பேசி முடிவெடுக்கும் நீக்கல் உரையாடலுக்குக் கொண்டுபோவது, இவைதான் என் பொழுதுபோக்கு. பரிசு அறிவிப்பில் எங்களுக்கு வேலை இல்லை, அதில் வருத்தமும் இல்லை. ஆனால் போட்டி முடிந்ததும் கையில் என்ன மிஞ்சியது என்பது முதலில் தெரிவது எங்களுக்குத்தான். அதனால் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். போட்டியைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள். தேதி, பரிசுத் தொகை, சுவரொட்டி, சின்னம் என்று தொடங்காதீர்கள். எந்தப் படங்கள் பொதுவகத்தில் இல்லை என்ற பட்டியலை முதலில் எடுங்கள். படங்கள் வந்து சேர்ந்த பிறகு அவற்றை யார் பார்ப்பார்கள், யார் பகுப்பார்கள், யார் கட்டுரைகளில் சேர்ப்பார்கள் என்பதை அடுத்து முடிவு செய்யுங்கள். நடுவில் வரும் ஒரு மாதக் கொண்டாட்டத்தைக் கடைசியில் யோசித்துக்கொள்ளலாம். அதில் நீங்கள் ஏற்கெனவே கெட்டிக்காரர்கள்.

நாம் எல்லோரும் முன்மாதிரியாகச் சொல்வது 'விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்' என்ற நினைவுச்சின்னப் படப் போட்டியை. 2010-ல் நெதர்லாந்தில் தொடங்கியது. அந்த நாட்டில் அரசு பாதுகாக்கும் ஒவ்வொரு நினைவுச்சின்னத்துக்கும் ஏற்கெனவே ஓர் எண் இருந்தது. தன்னார்வலர்கள் அந்த எண்களை வைத்து விக்கிப்பீடியாவில் பட்டியல்கள் போட்டார்கள். படம் எடுத்தவர் பதிவேற்றும்போது அந்த எண்ணையும் குறித்தார். அவ்வளவுதான் சூட்சுமம். முதல் ஆண்டில் வந்த 12,500-க்கும் மேற்பட்ட படங்களில் எது எந்தச் சின்னம் என்று யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. இன்னும் படமே இல்லாத சின்னங்கள் எவை என்பதும் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்தது. அடுத்த ஆண்டு போட்டி 18 ஐரோப்பிய நாடுகளுக்குப் பரவி 1,68,208 படங்கள் வந்தன. உலகின் மிகப் பெரிய ஒளிப்படப் போட்டி என்று கின்னஸ் பதிந்துகொண்டது. 2012-ல் எண்ணிக்கை 3,50,000-ஐத் தாண்டியது. நம் நினைவில் தங்கியது இந்த எண்கள். அவற்றுக்குக் கீழே இருந்த பட்டியலை மறந்துவிட்டோம்.

அதன் விளைவைத்தான் பிறகு வந்த பல போட்டிகளில் பார்க்கிறேன். பட்டியல் கிடையாது, அடையாள எண் கிடையாது, "பண்பாடு" அல்லது "இயற்கை" என்று ஒரு தலைப்பு மட்டும் உண்டு. படங்கள் குவியும். எல்லாம் போட்டியின் பெயரில் உள்ள ஒரே பகுப்பில் போய் விழும். அறுவடைக்கு ஆள் திரட்டிவிட்டுக் களஞ்சியம் கட்ட மறந்த கதை.

எண்ணிக்கை மோகத்துக்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்திலும் முடிந்தபின் கொடுக்கும் அறிக்கையிலும், எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், எத்தனை கோப்புகள் வந்தன என்பவைதான் பெரும்பாலும் முதலில் வரும் கேள்விகள். கேட்கிற எண்ணைக் காட்டுவதற்காகவே போட்டியின் விதிகள் வளைகின்றன. ஆனால் பொதுவகத்தில் இப்போது 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன. அங்கே இன்னொரு 5,000 படங்கள் சேர்ந்தன என்பது தன்னளவில் செய்தியே இல்லை. அதுவரை ஒரு படம்கூட இல்லாத 200 பொருள்களுக்குப் படம் கிடைத்தது என்றால் அது செய்தி. ஒரு பகுப்பில் உள்ள படங்கள் எந்தெந்த மொழி விக்கிகளில், எத்தனை பக்கங்களில் பயன்படுகின்றன என்று காட்டும் கருவிகள் இருக்கின்றன, கிளாமரஸ் அவற்றில் ஒன்று. அறிக்கையில் அந்த எண்ணை நீங்களாகவே எழுதுங்கள், அதுவும் போட்டி முடிந்து ஆறு மாதம் கழித்து எடுத்த எண்ணை. நிதி தருகிறவர்கள் கேட்காவிட்டாலும் படிப்பார்கள்.

அதிகப் படங்களைப் பதிவேற்றியவருக்குப் பரிசு என்ற பிரிவை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்தப் பரிசு இருக்கிற இடத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். ஒரே கோபுரம், அரை அடி இடப்பக்கம் நகர்ந்து ஒன்று, வலப்பக்கம் நகர்ந்து ஒன்று, பெரிதாக்கி ஒன்று, கருப்பு வெள்ளையில் ஒன்று. பதிவேற்றியவர் மேல் கோபப்பட முடியாது. நாம் வைத்த விதிக்குச் சரியாகத்தான் விளையாடியிருக்கிறார். எண்ணிக்கைக்குப் பரிசு தந்தே ஆக வேண்டும் என்றால், எதை எண்ணுகிறோம் என்பதை மாற்றலாம். உக்ரைனில் நடக்கும் போட்டிகளில் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். எத்தனை படம் என்று பார்க்காமல் எத்தனை சின்னங்கள் என்று பார்ப்பார்கள், அதுவரை படம் இல்லாதவற்றுக்குக் கூடுதல் புள்ளி தருவார்கள். உடனே ஆட்கள் ஊர் ஓரத்துக்கும் மறந்துபோன சாலைகளுக்கும் போகத் தொடங்குகிறார்கள். ஏற்கெனவே ஆயிரம் படம் உள்ள கோட்டையின் முன்னால் கூட்டம் குறைகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. படங்கள் பயன்படுவதற்கே பரிசு என்று வைத்தாலும் அதையும் விளையாட்டாக்க முடியும். படமில்லாத கட்டுரைகளில் படம் சேர்ப்பதற்காக 2020-ல் தொடங்கிய இயக்கம் ஒன்று உண்டு. நல்ல நோக்கம்தான். ஆனால் சேர்த்த படங்களின் எண்ணிக்கைக்குப் பரிசு இருந்ததால், கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத படங்களை அவசர அவசரமாகச் செருகுகிறார்கள் என்ற முறைப்பாடு விக்கிகளில் எழுந்தது. அந்த மொழியே தெரியாதவர்கள் அந்த மொழிக் கட்டுரையில் படம் சேர்த்ததும் நடந்தது. எந்த எண்ணுக்குப் பரிசு வைத்தாலும் ஒரு மனிதர் உட்கார்ந்து சரிபார்த்தாக வேண்டும். அந்த மனிதருக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

சரி, பட்டியலை எப்படி எடுப்பது? நீங்கள் நினைப்பதைவிட எளிது. விக்கிப்பீடியாக்களுக்கான பொதுத் தரவுத்தளமான விக்கித்தரவில், இடக் குறியீடு (அட்சரேகை, தீர்க்கரேகை) இருந்தும் படம் இல்லாத உருப்படிகளை ஒரு வினவல் (தேடல் கட்டளை) எழுதி எடுத்துவிடலாம். உங்கள் குழுவில் வினவல் எழுதத் தெரிந்த ஒருவர் போதும், ஒரு மாலை நேர வேலை. வரைபடத்தில் புள்ளிகளாகவும் காட்டலாம், கலந்துகொள்கிறவர் தன் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்வார். விக்கிப்பீடியாக்களில் படம் தேவை என்று குறிக்கப்பட்ட கட்டுரைகளுக்கான பகுப்புகளும் உண்டு. கட்டடங்கள், அணைகள், பாலங்கள், நூலகங்கள், செடிகொடிகள், கருவிகள், தொழில்கள் என்று எந்தத் துறையானாலும் இந்த வழி பொருந்தும். நினைவுச்சின்னம்தான் வேண்டும் என்றில்லை. உக்ரைனில் 2013-ல் தொடங்கிய 'விக்கி லவ்ஸ் எர்த்' இதே முறையை இயற்கைக் காப்பிடங்களுக்குக் கொண்டுபோனது. 2014-ல் தொடங்கிய 'விக்கி லவ்ஸ் ஆப்பிரிக்கா' ஆண்டுக்கு ஒரு கருப்பொருள் என்று வைத்துக்கொண்டது, படத்தோடு ஒலியையும் காணொளியையும் ஏற்றது. ஒரு கைத்தொழிலை விளக்க ஒரு நிமிடக் காணொளி இருபது படங்களைவிட உதவும் என்பதை நம் போட்டிகள் ஏனோ இன்னும் கண்டுகொள்ளவில்லை.

கருப்பொருள் போட்டி என்றால் அடையாள எண் இருக்காது, உண்மைதான். அப்போது அந்தக் கருப்பொருளுக்கான பகுப்பு மரத்தைப் போட்டி தொடங்கும் முன்பே அமைத்துவிடுங்கள். "நெசவு" என்று ஒரே பகுப்பு போதாது. தறி, பாவு ஓட்டுதல், சாயம் தோய்த்தல் என்று கிளை பிரித்து வைத்தால் பதிவேற்றுகிறவரே சரியான இடத்தில் போடுவார். முன்னதாக ஒரு நாள் செய்தால் பின்னால் பல வாரங்கள் மிச்சம்.

அடுத்தது பதிப்புரிமை. ஒருங்கிணைப்பாளர்கள் மிகக் குறைவாகப் பேசுவதும், போட்டிக்குப் பிறகு மிக அதிகமாக மனவருத்தம் தருவதும் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தன் கையால் எடுத்த படமாக இருந்தாலே போதும் என்று கலந்துகொள்கிறவர்கள் நம்புகிறார்கள், நாமும் அப்படித்தான் அறிவிப்பில் எழுதுகிறோம். படத்தில் இருக்கிற பொருளுக்கும் ஓர் உரிமையாளர் இருக்கலாம். பொது இடத்தில் இருக்கும் கட்டடத்தையோ சிலையையோ படமெடுத்து அதைத் தடையின்றிப் பகிரும் உரிமையைப் பனோரமா சுதந்திரம் என்கிறார்கள். அது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் பொதுச் சாலையில் நின்று எடுத்தால், அங்கே நிலையாக வைக்கப்பட்ட கட்டடத்தின் வெளித்தோற்றமும் சிலையும் பகிரலாம். அமெரிக்காவில் கட்டடம் சரி, சிலைக்கு அந்த உரிமை இல்லை. பிரிட்டனில் கட்டடமும் சிலையும் சரி, சுவரோவியத்துக்குப் பொருந்தாது. பிரான்சில் 2016-ல் கொண்டுவந்த விதிவிலக்கு தனிமனிதர்களின் வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்பதால் பொதுவகத்துக்கு உதவாது. பொதுவகம் வணிகப் பயன்பாட்டுக்கும் திறந்த படங்களை மட்டுமே ஏற்கும். பெல்ஜியத்தின் அட்டோமியம் என்ற கட்டடம் நல்ல எடுத்துக்காட்டு. அதை வடிவமைத்தவர் 2005-ல் இறந்தார், பதிப்புரிமை அதன்பின் 70 ஆண்டு நீளும். 2016-ல் அந்த நாட்டில் சட்டம் மாறும்வரை உலகமே அறிந்த அந்தக் கட்டடத்தின் படங்களைப் பொதுவகத்தில் வைத்திருக்க முடியாமல் இருந்தது. இத்தாலியில் வேறு வகைச் சிக்கல். நூற்றாண்டுகள் பழைய கட்டடம் என்றாலும், பண்பாட்டு மரபுச் சொத்துகளின் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்று தனிச் சட்டம் சொல்கிறது. அங்குள்ள தன்னார்வலர்கள் நகராட்சி நகராட்சியாக எழுதி அனுமதி வாங்கி, அனுமதி கிடைத்த இடங்களை மட்டும் போட்டிப் பட்டியலில் வைக்கிறார்கள். கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் கலந்துகொள்கிறவரின் படம் நீக்கப்படாது என்று உறுதியளிக்க அவர்கள் எடுத்துக்கொள்ளும் பாடு அது.

உங்கள் போட்டி எந்த நாட்டில் நடந்தாலும், அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பது பொதுவகத்தில் நாடுவாரியாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பட்டியல் போடும் நாளிலேயே அதைப் படித்து, எதைப் படமெடுக்கலாம், எதைக் கூடாது என்று ஐந்து வரியில் எழுதிவிடுங்கள். புதிய சிலைகள், சுவரோவியங்கள், கண்காட்சி விளம்பரங்கள், அருங்காட்சியகத்தின் தகவல் பலகைகள், புத்தக அட்டைகள் இவைதான் திரும்பத் திரும்பச் சிக்குகின்றன. தகவல் பலகையை நெருக்கமாகப் படமெடுத்துப் போடுகிறவர்கள் உதவி செய்வதாகவே நினைக்கிறார்கள், பாவம். அதில் இருக்கிற எழுத்துக்கும் பதிப்புரிமை உண்டு என்று யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

உரிமத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். போட்டி அறிவிப்புகளில் "கட்டற்ற உரிமத்தின் கீழ்" என்று ஒரு வரி வரும், அதற்கு இணைப்பு இருக்கும், யாரும் அழுத்திப் பார்க்க மாட்டார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன்-ஷேர்அலைக் உரிமத்தில் படத்தைத் தந்தால், பெயரைக் குறிப்பிட்டு, உரிமத்தைச் சுட்டி, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், விற்கலாம், மாற்றலாம்; மாற்றியதைப் பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர வேண்டும். நாளிதழ் பயன்படுத்தலாம், நாட்காட்டி போடுகிறவர் பயன்படுத்தலாம், பணம் தர வேண்டியதில்லை. தந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. இதைத் தெளிவாகச் சொன்னால் சிலர் பின்வாங்குவார்கள், அவர்கள் போகட்டும். ஒளிப்படம் எடுத்து வாழ்கிறவர் ஒருவர், தன் நல்ல படத்தைப் போட்டிக்குத் தந்துவிட்டு இரண்டு ஆண்டு கழித்து அதை எங்கோ விளம்பரத்தில் பார்த்துக் கொதித்து எழுதும்போது பதில் சொல்வது யார்? அவரிடம் "நீங்கள்தான் பெட்டியில் டிக் போட்டீர்கள்" என்று சொல்வது சட்டப்படி சரி, அதற்குமேல் ஒன்றும் இல்லை. பதிவேற்றிய ஏழு நாளுக்குள், எங்கும் பயன்படாத படத்தைப் பதிவேற்றியவரே நீக்கக் கேட்டால் பொதுவாக நீக்கித் தருவார்கள் என்பதையும் அறிவிப்பில் சேர்த்துவிடலாம். மனம் மாறுகிறவருக்கு ஒரு வாசல்.

மனிதர்களின் படங்கள் தனிக் கதை. முகம் தெரிகிற படம், அதிலும் குழந்தைகளின் படம், வழிபாட்டில் இருப்பவர்களின் படம், மருத்துவமனையில் எடுத்த படம். ஒப்புதல் வாங்கினீர்களா என்ற கேள்வியைப் பதிவேற்றும் படிவத்தில் வையுங்கள். உலகம் முழுவதும் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இடத்துக்கு அந்த முகம் போகிறது. படத்தில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பது அதிகப்படியான எதிர்பார்ப்பு இல்லை. இயற்கைப் போட்டி என்றால் கூட்டில் இருக்கும் பறவைகளின் படத்தையும் ஏற்காதீர்கள். கூட்டின் அருகே ஆட்கள் போய்வந்தால் தாய்ப்பறவை கூட்டை விட்டுவிடக்கூடும். அரிதான உயிரினங்களின் படத்தில் துல்லியமான இடக் குறியீடு இருந்தால் வேட்டையாடுகிறவனுக்கு வழி காட்டியதாகிவிடும். மற்ற எல்லாப் படத்துக்கும் இடக் குறியீடு கேட்டுக் கெஞ்சுகிற நானே இதற்கு மட்டும் வேண்டாம் என்கிறேன்.

பதிவேற்றும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொதுவகத்தின் பதிவேற்று வழிகாட்டியில் உங்கள் போட்டிக்கென்று தனிப் பரப்புரைப் பக்கம் அமைத்துக்கொள்ளலாம். உரிமம், பகுப்பு, அடையாள எண்ணுக்கான கட்டம் எல்லாம் அதில் முன்கூட்டியே இருக்கும். அந்த இணைப்பு ஒன்றை மட்டும் பரப்புங்கள். கோப்புப் பெயர் விஷயத்தில் மட்டும் ஓர் எடுத்துக்காட்டைக் கண்ணில் படும்படி வையுங்கள். கேமரா தருகிற 'ஐஎம்ஜி' எண் பெயர்களைப் பொதுவகம் தானே தடுத்துவிடும். உடனே ஆட்கள் "அழகு 1", "அழகு 2" என்று போடுகிறார்கள். பொருளின் பெயர், இடம், எந்தப் பக்கத்திலிருந்து என்ற மூன்றும் பெயரில் இருந்தால் போதும்.

பயிலரங்கு நடத்துகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு புதிய கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. முப்பது பேரை உட்காரவைத்துவிட்டு ஏழாவது ஆளிடம் அசடு வழிவது பரிதாபமான காட்சி. முன்பே விலக்கு கேட்டு வாங்குங்கள், அல்லது வீட்டிலிருந்தே கணக்கு தொடங்கி வரச் சொல்லுங்கள். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிய படத்தைப் பதிவேற்ற விடாதீர்கள். அளவு சுருங்கிவிடும், எடுத்த நாள், கேமரா போன்ற உட்தகவலும் போய்விடும். அப்படிச் சுருங்கி, உட்தகவல் இழந்து நிற்கும் படத்தைப் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது இணையத்தில் இருந்து எடுத்த படம் போலவே தெரியும். உண்மையாகவே அவர் எடுத்த படத்தைச் சந்தேகப்பட வைப்பது நாம் சொல்லித்தராத அந்த ஒரு விஷயம். மின்னஞ்சல் முகவரியைக் கணக்கில் உறுதிப்படுத்தச் சொல்வதும் முக்கியம். பரிசு பெற்றவரைத் தொடர்புகொள்ள வழியில்லாமல் அவர் கணக்குக்குச் செய்தி விடும் பேச்சுப் பக்கத்தில் எழுதிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும் குழுக்கள் உண்டு.

நடுவர்கள். இங்கே என் கருத்து கொஞ்சம் கடுமையாக இருக்கலாம். ஒளிப்படக் கலைஞர்களை மட்டும் நடுவர்களாக வைத்தால் அந்தி வானமும் நிழலுருவமும் மூடுபனியும் வெல்லும். அழகான படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டடம் எங்கே என்று கேட்டால் இருட்டில் இருக்கும். கலைக்களஞ்சியக் கட்டுரையின் மேல்பகுதியில் வைக்க அந்தப் படம் உதவாது. குழுவில் பாதிப் பேராவது கட்டுரை எழுதுகிறவர்களாகவோ அந்தத் துறை தெரிந்தவர்களாகவோ இருக்கட்டும். அது எந்த வகைப் பூச்சி என்று படத்தின் விவரத்தில் தவறாக எழுதியிருந்தால் கண்டுபிடிக்கக்கூடிய ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. மான்டேஜ் என்ற நடுவர் கருவியில் முதல் சுற்றில் ஆம், இல்லை என்று வடிகட்டி, அடுத்த சுற்றில் நட்சத்திரம் தந்து, கடைசிச் சுற்றில் வரிசைப்படுத்தலாம். எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும் கருவி. முதல் சுற்றில் நடுவர்களுக்கு வேலையே வைக்காதீர்கள். அளவு சிறியவை, நீர்க்குறி உள்ளவை, தலைப்புக்குப் பொருந்தாதவை ஆகியவற்றை நீங்களே எடுத்துவிட்டு மற்றதை அனுப்புங்கள். இறுதிச் சுற்றுக்கு வந்த படங்களுக்கு மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதை விதியாக வையுங்கள். வானத்தை மாற்றிவைப்பதும், செயற்கை நுண்ணறிவால் இல்லாததை வரைந்து சேர்ப்பதும் இப்போது கைப்பேசியிலேயே நடக்கிறது. ஆவணமாக வைக்கும் படத்தில் இல்லாத மேகம் இருந்தால் அது பிழையான ஆவணம். பரிசு அறிவித்த பிறகு யாரோ கண்டுபிடித்துச் சொல்வதைவிட முன்பே கேட்பது எல்லோருக்கும் மரியாதை.

பன்னாட்டுப் போட்டியின் உள்நாட்டுச் சுற்றை நடத்துகிறீர்கள் என்றால், விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸில் ஒவ்வொரு நாடும் அதிகம் பத்துப் படங்களை அனுப்பலாம். அந்தப் பத்தும் ஒரே கட்டடத்தின் பத்துக் கோணங்களாக ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி போட்டிக்குப் பிறகு. உங்கள் திட்டத்தில் "நவம்பர் 1: முடிவுகள்" என்பதோடு அட்டவணை முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு மாதங்களை எழுதுங்கள், ஆள் பெயரோடு. முதல் வாரத்தில் பதிப்புரிமைச் சரிபார்ப்பு. அப்புறம் பகுப்பு. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான படங்களை நகர்த்த கேட்-எ-லாட் என்ற கருவி இருக்கிறது, இரண்டு மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் மலையே கரையும். படம் எதைக் காட்டுகிறது என்ற கட்டமைப்புத் தரவையும் அப்போதே சேர்த்துவிடலாம், 2019 முதல் பொதுவகத்தில் அந்த வசதி இருக்கிறது. எந்த மொழியில் தேடினாலும் படம் கிடைக்க அதுதான் வழி. கடைசியாக, விக்கித்தரவின் உருப்படியில் படத்தைச் சேர்ப்பது. பல மொழி விக்கிப்பீடியாக்களில் கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவற்பெட்டிகள் படத்தை அங்கிருந்துதான் எடுக்கின்றன. அங்கே ஒருமுறை சேர்த்தால், நமக்குத் தெரியாத மொழியின் கட்டுரையிலும் படம் தானே போய் உட்கார்ந்துவிடும். பரிசுத் தொகையில் ஒரு சிறு பங்கை இந்த வேலையைச் செய்கிறவர்களின் பயணத்துக்கோ இணையச் செலவுக்கோ ஒதுக்கினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒன்பதாம் பரிசு இல்லாமல் போனால் உலகம் முடிந்துவிடாது.

புதியவர்களைப் பற்றி ஒரு சொல். போட்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அடுத்த மாதம் திரும்புவதில்லை, இது எல்லா ஊரிலும் உள்ள நிலைமை. அவர்கள் கணக்கின் பேச்சுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதலில் ஒரு தானியங்கி வரவேற்பு, அதன் கீழே ஒரு நீக்கல் அறிவிப்பு, அதற்கும் கீழே இன்னொன்று. மனிதர் எழுதிய ஒரு வரியும் இருக்காது. நீக்கல் அறிவிப்பு போகிற ஒவ்வொரு புதியவருக்கும், அவர் மொழியில், ஏன் இந்தப் படம் சிக்கலில் இருக்கிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்று உங்கள் குழுவில் ஒருவர் எழுத வேண்டும். பரிசு வாங்காத ஆனால் பயன்பட்ட படத்துக்கும் எழுதலாம்: "நீங்கள் எடுத்த அந்தப் பாலத்தின் படம் இப்போது நான்கு மொழிக் கட்டுரைகளில் இருக்கிறது." பாராட்டுச் சான்றிதழைவிட இந்த வரிக்காகத் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய போட்டிக்கு இடையில் அவர்களை அனுப்பிவைக்க இடமும் உண்டு. பொதுவகத்தில் மாதந்தோறும் நடக்கும் படச் சவாலில் பணப் பரிசு கிடையாது, பயனர்களே வாக்களிப்பார்கள், கற்றுக்கொள்ள நல்ல களம்.

இவ்வளவும் செய்தால் படங்களின் எண்ணிக்கை குறையும், அதை மறைக்க விரும்பவில்லை. பட்டியலில் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும் என்றால் சோம்பேறித்தனமாகக் கலந்துகொள்கிறவர்கள் வர மாட்டார்கள். முந்தைய ஆண்டைவிடக் குறைந்துவிட்டதே என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். படமே இல்லாதிருந்து இப்போது படம் கிடைத்த பொருள்களின் பட்டியலை அவர் முன்னால் வையுங்கள்.

பட்டியல் பக்கத்தைத் தொடங்கியதும் அதன் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். பகுப்பு மரம் அமைப்பதை நானும் இங்கே வழக்கமாக வேலை செய்யும் சிலரும் எடுத்துக்கொள்கிறோம், போட்டி முடிந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் எங்கள் பெயரை இப்போதே போட்டுவிடலாம். பதிப்புரிமைச் சரிபார்ப்புக்குத்தான் ஆள் போதவில்லை. உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படித்துப் பார்க்கப் பொறுமை உள்ள ஒருவரை உங்கள் குழுவிலிருந்து தர முடியுமா என்று யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பகுப்பு வேலை பார்க்கும் ஒரு பயனர்